முஷப்பக் சத்தியம்

தும்யாத்
5 டிசம்பர் 1986, வெள்ளி

அன்புள்ள ஸுஹைர் அம்மாவுக்கு,

இறைவன் உன்னை நல்லபடி வைக்கட்டும். அண்ணன் குத்ப் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? ராஸ் அல்-பர்ரில் குளிர்காலக் கடல்காற்று எலும்பு வரைக்கும் போகும். உன் கம்பளிக் காலுறைகளை அலமாரியில் தேடினேன், காணவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று முடிவு செய்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நீ போய் இன்றோடு ஒன்பது நாள். நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். புதன்கிழமை தொழுகை முடிந்ததும் ஷேக் மர்ஸூக்கைத் தனியே பிடித்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். காப்பிக் கடையில் என் அடியில் நாற்காலி முறிந்தது, எல்லோரும் சிரித்தது, அதைச் செய்த தச்சன் பஸ்யூனி ஓடி வந்து, "முப்பது வருஷத்துல நான் செஞ்ச நாற்காலி ஒண்ணு உடைஞ்சதில்ல, மலை வந்து உக்காந்தா நான் என்ன பண்ண?" என்று கூவியது, அந்த ஆத்திரத்தில் நான் எழுந்து, "இனிமே முஷப்பக் என் வாயில பட்டா என் பொண்டாட்டி தலாக்!" என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்தது, பிறகு ஒரு நாள் இனிப்புக் கடை வாசலில் நின்றபடி அரைக் கிலோ முஷப்பக்கைப் பாகு சொட்டச் சொட்டத் தின்றது, எல்லாவற்றையும்.

ஷேக் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சத்தியம் பண்ணும்போது உன் மனசுல என்ன இருந்துச்சு ஷலபி? பொண்டாட்டிய விடணும்னா, வாயக் கட்டணும்னா?"

"வாயக் கட்டணும்னுதான் ஷேக். உடம்பு குறையணும்னுதான்."

"அப்ப அது தலாக் இல்ல. சத்தியத்த முறிச்சதுக்குப் பத்து ஏழைங்களுக்குச் சோறு போடு. போய்ப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா."

நேற்றே பத்துப் பேருக்குச் சோறும் பருப்பும் போட்டாயிற்று. பரிமாறியவன் நான், ஒரு வாய்கூடத் தொடவில்லை. ஆகவே நீ என்றும்போல் என் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன்.

என்றும் உன்,
ஸுஹைர் அப்பா


ராஸ் அல்-பர்
11 டிசம்பர்

மதிப்பிற்குரிய ஸுஹைர் அப்பாவுக்கு,

ஸலாம். காலுறை என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ் நிலையத்தில் வீணாக நின்றிருப்பீர்கள். அதற்காக வருந்துகிறேன்.

ஷேக்கிடம் ஒன்றையும் மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது நாளைப் பற்றிச் சொன்னீர்களா?

உங்கள் அங்கியைத் துவைக்க எடுத்தபோதுதானே நான் கண்டுபிடித்தேன். அலமாரியின் அடியில் சுருட்டி ஒளித்து வைத்திருந்தீர்கள். கைப்பகுதி பாகு காய்ந்து அட்டைபோல் விறைத்து, அதில் எறும்பு வரிசை. "எப்ப தின்னீங்க?" என்று கேட்டேன். நீங்கள் அங்கியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தீர்கள். பிறகு, "நாப்பது நாள் இருக்கும்" என்றீர்கள்.

நாற்பது நாள் என் கையால் சாப்பிட்டீர்கள். நாற்பது நாள் அதே கட்டிலில் படுத்தீர்கள். உங்கள் சத்தியத்தை நீங்கள் நம்பியிருந்தால், தலாக் ஆன பெண்ணை அவளுக்கே தெரியாமல் வீட்டில் வைத்திருந்தீர்கள். நம்பவில்லை என்றால், காப்பிக் கடைச் சிரிப்பை அடக்க என் பெயரை எடுத்து வீசினீர்கள். இரண்டில் எது? ஷேக்குக்கு வேண்டிய பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது இது.

சத்தியம் செய்த அன்றே அடுத்த வீட்டு ரதீபா மாடியிலிருந்து கத்தினாள்: "அடியே தஃபீதா, உன் குடும்பத்தக் காப்பிக் கடையில முஷப்பக்கு மேல வெச்சுட்டாருடி உன் வீட்டுக்காரரு!" நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். முப்பத்தொரு வருஷ வாழ்க்கை ஒரு சுருள் இனிப்பு மேல் நிற்காது என்று நம்பினேன்.

ரத்த அழுத்த மாத்திரை குளிர்சாதனப் பெட்டியின் மேல், டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் ஒன்று.

ஸுஹைர் அம்மா


தும்யாத்
20 டிசம்பர்

என் உயிரான ஸுஹைர் அம்மாவுக்கு,

மாத்திரை கிடைத்தது. எட்டு நாளாகச் சமையலறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

தபால் நிலையத்தில் உன் கடிதத்தைக் கொடுத்த மனிதர் கேட்கிறார், "ஏன் ஷலபி அண்ணே, பதினஞ்சு கிலோமீட்டருக்குத் தபால்தலை ஒட்டுறீங்க? கொஞ்சம் சத்தமா கத்துனாலே அங்க கேக்குமே!" அவருக்கு என்ன தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என்னை நீயே பார்த்திருக்கிறாய். முட்டைக்கோஸ் தண்ணீர் குடித்தேன், பதினோரு கிலோ இறங்கினேன், ஸுஹைர் கல்யாணத்தில் பதினான்கு ஏறினேன். காடி குடித்தேன், வயிறு புண்ணானது. மருந்துக் கடைக்காரன் கொடுத்த மாத்திரையைத் தின்றுவிட்டு மூன்று நாள் தூங்காமல் நம் துணிக்கடையில் சோபாத் துணி ஒவ்வொன்றாக விரித்து மடித்துக்கொண்டிருந்தேன். மன்சூரா போய்க் காதில் ஊசி குத்திக்கொண்டேன். நோன்பு மாதத்தில் குறைத்ததைப் பெருநாளில் திரும்ப வாங்கினேன். மைத்துனனோடு பந்தயம் கட்டினேன். ஆறு தடவை, தஃபீதா. ஆறு தடவையும் இறங்கி, ஆறு தடவையும் முன்பைவிட மேலே ஏறினேன். நூற்று முப்பத்தெட்டு கிலோ மனிதனுக்குத் தன் மேல் பயம் இல்லை, டாக்டர் மேல் பயம் இல்லை, வேறு எதன் மேல்தான் சத்தியம் செய்வான்? இழக்கவே முடியாத ஒன்றின் மேல் செய்தால்தான் வாய் அடங்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் அந்தச் சத்தியம் வந்தது.

இப்பொழுது ஒன்று செய்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை உன்னிடம் வர நடந்தே கிளம்பினேன். பாலம் தாண்டி, ஸனானிய்யாவின் கொய்யாத் தோப்புகள் வரைக்கும் போனேன். அதற்கு மேல் முழங்கால் கேட்கவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டு வேனைக் கைகாட்டி நிறுத்தித் திரும்பினேன். வேன்காரன், "ஹாஜி, முன் சீட்ல உக்காருங்க, பின்னாடி ஏறினா வண்டி முன்சக்கரத்தத் தூக்கிடும்" என்றான். வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொள்.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச தூரம். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். என்றைக்கு முழுத் தூரமும் நடந்து உன் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறேனோ அன்றைக்கு நீ என்னோடு வந்துவிட வேண்டும். நேற்றுக் கனவில் நான் நதிமேல் நடந்து வந்தேன். தண்ணீர் என்னைத் தாங்கியது. நீ கரையில் நின்று, "செருப்பு நனையுது, கழட்டுங்க" என்றாய்.

உன்,
ஷலபி


ராஸ் அல்-பர்
2 ஜனவரி 1987

ஸுஹைர் அப்பாவுக்கு,

இங்கே குளிர்காலத்தில் ஊரே தூங்குகிறது. கோடைவாசிகளின் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, அண்ணன் சாவிக்கொத்தோடு ஒவ்வொன்றாகத் திறந்து காற்று விடுகிறார். அவரோடு நானும் போகிறேன். யாரோ விட்டுப்போன கண்ணாடி, யாரோ விட்டுப்போன குழந்தைச் செருப்பு. மாலையில் நதி கடலோடு சேரும் முனையில் போய் உட்காருகிறேன். நைல் ஒரு நிறமாக வருகிறது, கடல் ஒரு நிறமாக நிற்கிறது. கொஞ்ச தூரம் இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் நான் யார் என்பதே மறந்துபோகிறது. என்ன சமைக்கலாம் என்று யோசிக்காமல் ஒரு மாலைப்பொழுது என் வாழ்க்கையில் இதுவரைக்கும் இருந்ததில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் காதில் ஊசி குத்திக்கொண்டு வந்த வருஷம், அங்கி தொளதொளவென்று ஆனதே, நினைவிருக்கிறதா? அப்பொழுது ரதீபா சொன்னாள், "ஆம்பள அம்பது வயசுல இளைக்கிறான்னா இன்னொருத்தியத் தேடுறான்னு அர்த்தம்டி." எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்கும் மேல், ஸுஹைரும் கல்யாணமாகிப் போன பிறகு, அடுப்பில் ஏதாவது கொதித்தால்தான் நான் அந்த வீட்டில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தட்டைத் தள்ளும்போதெல்லாம் என்னைத் தள்ளுவதாகத் தோன்றியது. அதனால் உங்களுக்கு வேகவைத்த காய்கறியில் நெய் விட்டேன். தெரியாமல் இல்லை, ஒவ்வொரு நாளும் கரண்டியால் அளந்து விட்டேன். அந்த ஊசித் தோல்வி உங்களுடையது அல்ல. என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது, ஆகவே உங்கள் நாற்பது நாளைச் சொல்லிக் காட்ட எனக்கு அருகதை இல்லை.

ஆனால் நீங்கள் நடந்து வர வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. என்னை வைத்துச் சத்தியம் செய்தீர்கள், அது போயிற்று. இப்பொழுது என்னை வைத்து நடக்கிறீர்கள். ராஸ் அல்-பர் வரைக்கும் நடந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் மறுநாள் காலையில் எதற்கு நடப்பீர்கள்? மூன்றாம் மாதம் நீங்கள் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், நான் பழையபடி நெய் விடுவேன், அதன் பிறகு உங்களுக்கு ஒன்பதாவது வழி இருக்காது. உங்கள் உடம்புக்கு நான் பிணை நிற்க மாட்டேன். எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

தஃபீதா


தும்யாத்
24 ஜனவரி

தஃபீதா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் நடக்கவில்லை. பழிவாங்குவதுபோல் தின்றேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு தட்டு முஷப்பக்கை வாங்கிவந்து, வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில், உட்காரக்கூட இல்லாமல் தின்று முடித்தேன். இனிப்பே தெரியவில்லை. உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நெய் விட்டாய் என்று படித்தபோது முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வேகவைத்த சுரைக்காய் அத்தனை ருசியாக இருந்ததற்கு நான் மன்சூரா ஊசிக்காரரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு இப்பொழுது பதில் சொல்கிறேன். ஷேக்கிடம் நான் சொன்னதும் பொய். அந்த நேரத்தில் எனக்கு உன்னை விடவும் எண்ணமில்லை, உடம்பைக் குறைக்கவும் எண்ணமில்லை. சிரிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய சத்தியம் செய்தால் சிரிப்பு நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றது. பஸ்யூனி கையைப் பிடித்து, "ஆம்பளடா நீ!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னைக் கொடுத்தேன். நாற்பது நாளும் சத்தியத்தை நம்பினேன், நம்பாமலும் இருந்தேன். ராத்திரி நம்புவேன், காலையில் நீ தேநீர் கொண்டுவந்தால் நம்ப மாட்டேன்.

நேற்று ஷேக்கிடம் போய் இதையும் சொன்னேன். தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தார். பிறகு, "தலாக் இல்லங்கறது இப்பவும் தலாக் இல்லதான். ஆனா அவ மனசுக்கு நான் ஃபத்வா குடுக்க முடியாது ஷலபி" என்றார்.

நீ இல்லாமல் எதற்காக நான் இளைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

ஷலபி


தும்யாத்
14 பிப்ரவரி

அன்புள்ள தஃபீதா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்றும் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

அதிகாலையில் வீட்டின் நிசப்தம் தாங்காமல் வெளியே வந்தேன். அப்படி ஒரு மூடுபனியை நான் பார்த்ததில்லை. தெருவிளக்கு இருக்கிறது, கம்பம் இல்லை. படகுக்காரர்களின் இருமல் கேட்கிறது, படகு இல்லை. எங்கே போகிறேன் என்று தெரியாமல் நதிக்கரையோடு நடந்தேன். கொஞ்ச நேரம் போனதும் குனிந்து பார்த்தேன். தஃபீதா, என் வயிறு இல்லை! அங்கி இல்லை, கால் இல்லை. மார்புக்குக் கீழே எல்லாம் வெள்ளை. கேட்பது செருப்புச் சத்தம் மட்டும், அதுவும் வேறு யாரோ எனக்குப் பக்கத்தில் நடப்பதுபோல்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் குண்டன். பள்ளியில் குண்டன், பட்டாளத்துக்கு ஆகாதவன், மாப்பிள்ளைக் கோலத்திலும் குண்டன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் வயிறு போய்ச் சேர்ந்து, நான் பின்னால் போய் அதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் வாழ்ந்திருக்கிறேன். நேற்று அந்தப் பனிக்குள் என்னைப் பார்க்க யாரும் இல்லை, நான்கூட இல்லை. அழுதேன். துக்கத்தில் அல்ல. கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன.

வெயில் வந்து பனி விலகிய பிறகுதான் தெரிந்தது, நான் உன் பக்கம் வரவே இல்லை. பாலத்தைத் தவறவிட்டுத் தெற்கே, ஃபாரஸ்கூர் சாலையில் போயிருக்கிறேன். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர்! வழியில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "யாரத் தேடுறீங்க அண்ணே?" என்று கேட்டாள். "யாரையும் இல்லம்மா, சும்மா" என்றேன். சும்மா நடந்தேன் என்று இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலையும் போனேன். பனி கொஞ்சம்தான் இருந்தது. பரவாயில்லை.

ஷலபி


ராஸ் அல்-பர்
22 பிப்ரவரி

ஸுஹைர் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தது, அதற்கு என் நன்றி. அது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் தினமும், "உன் வீட்டுக்காரர் என்னம்மா எழுதுறாரு?" என்கிறார். "பனி பெய்யுதாம்" என்றேன்.

முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடு காட்டித் தடவுங்கள். இன்னும் போகிறீர்களா? என்ன சாப்பிடுகிறீர்கள்? எத்தனை கிலோ என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

தஃபீதா


தும்யாத்
20 மார்ச், வெள்ளி

அன்புள்ள தஃபீதா,

எண்ணெய் தடவினேன், கேட்கிறது. போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பத்து நாளில் இரண்டு நாள் தவறிவிடும். முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் போயிற்று எல்லாம் என்று அன்று மாலையே இனிப்புக் கடைக்குப் போவேன். இப்பொழுது மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

காலையில் பயறும் ஒரு ரொட்டியும். மதியம் நானே சமைக்கிறேன். நான் வைக்கும் மொலோகியாக் கீரையை நீ பார்த்தால் கோர்ட்டுக்குப் போவாய். ரதீபா மகள் நிச்சயதார்த்தத்தில் முஷப்பக் கொடுத்தார்கள். ஒரு சுருள் தின்றேன். நன்றாக இருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ரதீபா, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

எடை போடவில்லை. ஆனால் அங்கியின் முன்பக்கம் தரையில் புரள ஆரம்பித்திருக்கிறது. இத்தனை வருஷம் வயிறு தூக்கிப் பிடித்திருந்ததாம். கடையில் இருக்கும் தையற்காரர் மடித்துத் தைக்கட்டுமா என்றார். இருக்கட்டும் என்றேன்.

ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இன்னொரு தடவை உன்னிடம் மறைத்து வைக்க எனக்குப் பயம், அதனால் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபாரஸ்கூர் சாலையில் பாதிக்கும் மேல் போய்விட்டேன். தூரம் தெரியவில்லை. நதியில் தண்ணீர்க்கோழிகள், கரையில் ஆரஞ்சு மரம் பூத்த வாசனை, ஒரு எருமை கழுத்து வரைக்கும் தண்ணீரில் கண்ணை மூடி நின்றது. அதைப் பார்த்து நானும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன். திரும்பிவந்து கெட்டிலை அடுப்பில் வைத்தபோதுதான் உறைத்தது. போகும்போதும் வரும்போதும் உன்னை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நினைக்காமல் இருக்க முயற்சி செய்யவில்லை. நீ வருவாயா மாட்டாயா என்பது அந்த மூன்று மணி நேரம் எனக்குள் இல்லவே இல்லை. கெட்டில் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரிய துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். புதனும் வியாழனும் போனபோது முழுக்க உன்னை நினைத்துக்கொண்டே போனேன், ஆனால் நினைக்காவிட்டாலும் போயிருப்பேன் என்று தெரிந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. கோபப்பட்டால் படு.

ஷலபி


ராஸ் அல்-பர்
26 மார்ச், வியாழன்

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தை நதிமுனையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு தடவைகூட என்னை நினைக்கவில்லை என்ற இடத்தில் நெஞ்சு சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய பெண், சுருக்கென்னாமல் எப்படி இருக்கும்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மறுபடியும் அதே வரியைப் படித்தேன். இருட்டும் வரைக்கும் அதையே படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் எத்தனையோ ஆசையாகப் பேசியிருக்கிறீர்கள். எதுவும் எனக்கு இத்தனை நிம்மதி தந்ததில்லை.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள், "ஷேக் ஏதாச்சும் சொல்லி அனுப்புனாரா?" என்றாள். "இல்ல, நானாப் போறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரம் நீங்கள் சாலையில் இருப்பீர்கள். என்னை அழைத்துப்போக பஸ் நிலையத்துக்கு வரவேண்டாம். பாதியில் திரும்பியும் வரவேண்டாம். போக வேண்டிய தூரம் போய்விட்டு, மெதுவாக வாருங்கள்.

உங்கள்,
தஃபீதா